தகுதித் தாள்

என் அறைத்தோழன் தமிழில் தோற்றுப்போன செய்தி ஒரு மே மாத மத்தியானம் வந்தது. கூலரில் தண்ணீர் தீர்ந்து அது வெறும் அனல் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. கட்டிலில் சம்மணம் போட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "டேய், இங்க வா. இது என்னன்னு பாரு" என்றான். போன வருடம் அவன் எழுதிய முதன்மைத் தேர்வின் மதிப்பெண் பட்டியல். தமிழ்த் தாளில் அவன் தகுதி பெறவில்லை என்று போட்டிருந்தது. மற்ற தாள்களுக்கு நேரே எதுவும் இல்லை.

"மத்ததுக்கெல்லாம் மார்க் எங்கடா?" என்றான்.

"தமிழ்ல பாஸ் ஆகலைன்னா மத்ததை எடுத்துக்க மாட்டாங்கடா."

அவனுக்கும் அது தெரியும். குடிமைப் பணித் தேர்வு எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். முதன்மைத் தேர்வில் தாய்மொழித் தாள் ஒன்று உண்டு. ஒரு பத்தியைப் படித்து விடை எழுத வேண்டும், இன்னொன்றை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும், ஒரு கட்டுரை, கொஞ்சம் மொழிபெயர்ப்பு, கொஞ்சம் இலக்கணம். அந்த மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்க மாட்டார்கள். நூற்றுக்கு இருபத்தைந்து வாங்கினால் போதும். அதனாலேயே யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் அந்த இருபத்தைந்து வரவில்லை என்றால் வரலாறு, பொருளாதாரம், நிர்வாகம் என்று ஒரு வருடம் உயிரைக் கொடுத்து எழுதியது எதுவும் கணக்கில் வராது.

அவன் முதலில் சிரித்தான். "தமிழ்ல ஃபெயிலு. நானு. திருப்பூர்க்காரன்." அப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போனான். அந்த வெயிலில் டேங்க் ஓரமாக வெகுநேரம் நின்றிருந்தான்.

நாங்கள் இருந்தது டெல்லியில், இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் குவிந்திருக்கும் பழைய ராஜிந்தர் நகரில், ஒரு நாலு மாடி வீட்டின் உச்சியில், பிளைவுட் தடுப்பு வைத்துப் பிரித்த அறை. அவன் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்துக்கொண்டான். அதில் மதிப்பெண் சுலபமாக வரும் என்று பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள். அப்புறம் இன்ஜினியரிங், கொஞ்ச நாள் பெங்களூரில் வேலை, அங்கிருந்து டெல்லி. விண்ணப்பத்தில் மொழி கேட்டபோது தமிழ் என்று போட்டான். வீட்டில் பேசுகிற மொழிக்கு என்ன படிப்பு என்று நினைத்திருக்கிறான்.

நான் திண்டிவனம் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். எம்.ஏ. தமிழ். தேர்வு எழுத எனக்கிருந்த வாய்ப்புகள் எல்லாம் முடிந்துபோயிருந்தன. இருந்தும் ஊருக்குப் போகாமல் ஒரு கோச்சிங் சென்டரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தமிழ்த் தாளைக் கண்டு பயப்படுகிறவர்கள் வருடா வருடம் சிலர் வருவார்கள். அவர்களுக்கு வகுப்பும் நான்தான் எடுத்தேன்.

அவன் அம்மா அவிநாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் டீச்சர். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம் "கொஞ்ச மார்க்குல போயிருச்சும்மா" என்று மட்டும் சொன்னான். எதில் என்று சொல்லவில்லை.

ஜூனில் முதல்நிலைத் தேர்வு முடிவு வந்தது. மறுபடியும் தேறிவிட்டான். அவனுக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. சந்தோஷப்படாமல் என் கட்டிலுக்கு எதிரே வந்து நின்றான்.

"நீ எனக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கணும்டா. வேற யாரையும் நான் கேக்க முடியாது."

பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவன் தமிழ் படிப்பதை முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தேன். விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் போனான். ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் நான் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவிவிட்டேன்.

"இங்கிலீஷ்ல பக்கம் கண்ணுல விழுந்தாப் போதும்டா, என்ன சொல்றான்னு தெரிஞ்சிரும். இதுல ஒவ்வொரு எழுத்தையும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்குது" என்றான்.

பத்தி ஏரிகளைப் பற்றியது. ஊரார் கூடித் தூர்வாரும் வழக்கம் நின்றதால் ஏரிகள் அழிந்தன என்று அதில் எழுதியிருந்தது. 'ஏரிகள் அழிந்ததற்குக் காரணமாக ஆசிரியர் கூறுவது யாது?' என்பது கேள்வி. இவன் நகரமயமாதல், பருவநிலை மாற்றம், கொள்கைத் தோல்வி என்று எழுதியிருந்தான்.

"இதெல்லாம் பத்தியில எங்க இருக்கு?"

"இல்ல. ஆனா அதுதானே உண்மையான காரணம்?"

"ஆசிரியர் என்ன சொன்னார்னுதான்டா கேள்வி."

"அவரு சொன்னது முழுசா சரியில்லடா."

"தப்பாவே இருக்கட்டும். அதைத்தான் எழுதணும்."

கட்டுரையைப் பார்த்தேன். பொது வாழ்வில் அறம் என்பது தலைப்பு. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அந்த ஒன்றரைப் பக்கத்திலும் அறம் என்று வரவேண்டிய இடமெல்லாம் அரம் என்று இருந்தது. "நல்ல தலைவனுக்கு அரம் வேண்டும்." "அரம் இல்லாத அரசு நிலைக்காது." எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இது பட்டறையில இரும்பு ராவுற அரம்டா" என்றேன். அவனும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, "இதைத்தான்டா போன வருசமும் எழுதி வெச்சிருப்பேன்" என்றான்.

நான் எனக்குப் பிடித்த மாதிரி ஆரம்பித்தேன். தினம் ஒரு தலையங்கத்தைச் சத்தமாகப் படிக்கவைத்தேன். ஒரு சொல் எங்கிருந்து வருகிறது, அதன் உறவுச் சொற்கள் என்னென்ன என்று விளக்கினேன். நல்ல உரைநடைப் பக்கங்களைப் பார்த்து எழுதச் சொன்னேன். மொழி ருசித்துவிட்டால் தேர்வு தானாக வந்துவிடும் என்று நம்பினேன். கோச்சிங் சென்டரில் யாருக்கும் நான் அவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒன்றும் ஏறவில்லை. அவன் மற்ற தாள்களுக்கும் படிக்க வேண்டியிருந்தது. காலையில் லைப்ரரி கேபின், மத்தியானம் மெஸ் சாப்பாடு, சாயங்காலம் என்னிடம் வரும்போது முகம் வெளிறிப்போயிருக்கும். அவன் கையில் தமிழ் எழுத்து ஓடாது, ஒவ்வொன்றையும் வரைவான். சுருக்கி எழுதச் சொன்னால் நாலு வரிக்கு ஒரு வரி என்று எடுத்து அப்படியே அடுக்கிவைப்பான். முந்திய வரியை எடுத்துவிட்ட பிறகும் அடுத்த வரியின் "ஆனால்" அங்கேயே நிற்கும். நான் கத்தினேன். கத்தியதற்காக மெஸ்ஸில் அவன் தட்டில் என் அப்பளத்தையும் வைத்தேன். மறுநாள் மறுபடியும் கத்தினேன்.

ஜூலையில் எங்கள் சென்டரில் மாதிரித் தேர்வு நடந்தது. அதில் அவனும் எழுதினான். "எனக்காக மார்க் போடாத. யாரோ எழுதுனதுன்னு நெனச்சுத் திருத்து" என்று முன்னாலேயே சொல்லிவிட்டான். திருத்தினேன். இருபத்தைந்து வரவில்லை. முதலிலிருந்து பார்த்தேன். எங்கேயாவது ஒன்று, அரை என்று போட வழி இருக்கிறதா என்று இன்னொரு தடவையும் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. கட்டுரை பாதியில் நின்றிருந்தது. சுருக்கத்தை அவன் தொடவே இல்லை.

சொன்னேன். "சரி" என்றான். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த சாப்பாடு பையிலேயே ஊசிப்போனது. கூப்பிட்டால், "தூங்கறேன் விடுடா" என்பான். ஆனால் தூங்கவும் இல்லை. இப்படிப் படுத்துக் கிடந்தவர்களில் சிலர் உயிரை விட்டதை எங்கள் சந்துகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போது மூன்றாவது மாடியிலேயே என் கால் தயங்கும். கதவுக்கு வெளியே நின்று உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். அவன் இருமினால் போதும், உயிர் திரும்பிவரும்.

ஒரு நாள் கீழே குடியிருக்கும் வீட்டுக்கார ஆன்ட்டி என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "பையா, உஸ் லட்கே கோ க்யா ஹுவா?" என்று கேட்டாள். அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று வீட்டுக்காரி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கே தெருமுனைக்குப் போய் நின்று அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங் தம்பி. நல்லாருக்கீங்களா? அவன் போனே எடுக்கறதில்லீங்க. படிக்கறானாட்ட இருக்குதுன்னு நானும் தொந்தரவு பண்றதில்ல."

"அம்மா, அவனுக்கு மனசு சரியில்ல."

"ஏனுங், என்னாச்சுங்?"

சொன்னேன். போன வருடம் எதில் போனது, இந்த வருடம் எதைக் கண்டு படுத்துக் கிடக்கிறான், எல்லாம். எதிர்முனையில் குழந்தைகள் கூட்டமாக எதையோ ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. பள்ளி நேரத்தில் போன் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"தமிழ்லீங்களா?" என்று கேட்டார். பிறகு, "நான் பொறப்பட்டு வர்றனுங் தம்பி. அதுவரைக்கும் அவனைத் தனியா உட்றாதீங்க."

ரயிலில் தனியாக வந்தார். ஆண்கள் தங்கும் வீட்டில் பெண்களை ஏற்றமாட்டார்கள் என்பதால் கரோல் பாக்கில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். அவனை எழுப்பி, குளிக்கவைத்து, ஆட்டோவில் கூட்டிப்போனேன். எங்கே என்று சொல்லவில்லை. கதவைத் திறந்து அம்மாவைப் பார்த்ததும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஏன்டா சொன்னே?"

"பயமா இருந்துச்சுடா."

"அவங்கிட்ட என்ன கோவம்? இங்க வா சாமி" என்றார் அம்மா. மெலிந்த, கறுத்த, கண்ணாடி போட்ட பெண்மணி. ரயில் பயணத்தில் கசங்கிய சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "கெளம்பு. ஊருக்குப் போலாம். போதும்."

"பரீட்சை இருக்குதும்மா."

"இருக்கட்டும். அது பாட்டுக்கு நடக்கட்டும். நமக்கு வேண்டாம்."

"கடைசித் தடவைம்மா."

"எனக்கு நீ வேணும் கண்ணு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் கையப் புடிச்சு எழுத வெக்கறேன். உனக்கு ஒரு நாளும் வெக்கலையே. பிரெஞ்சு படி, மார்க்கு வரும்னு நாந்தானே சொன்னேன்."

"அதுக்குத்தாம்மா உங்கிட்டச் சொல்லலை."

அம்மா என்னைப் பார்த்தார். "தம்பி, உண்மையச் சொல்லுங். இவன் பாஸாயிருவானுங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியலைங்கம்மா" என்றேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜன்னலுக்குக் கீழே ரிக்‌ஷாக்காரர்கள் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவன்தான் பேசினான். "எழுதாம வந்தா அங்க வந்து நான் என்னம்மா பண்ணுவேன்? இதே மாதிரிதான் அங்கயும் படுத்துக் கெடப்பேன். எழுதித் தோத்தாக்கூட ஒரு மனுசனா வருவேன். எழுத உடும்மா." முப்பது வயதைத் தாண்டியவன் அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவருக்கு லீவு தீரும்வரை தினமும் அவன் லாட்ஜுக்குப் போய்ச் சாப்பிட்டான். அம்மா கொண்டுவந்திருந்த பருப்புப்பொடியும் மெஸ்ஸிலிருந்து வாங்கிப்போன சாதமும். அவர் தமிழ் எதுவும் சொல்லித்தரவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ் பண்ண வெக்கறதெல்லாம் அப்புறமுங். கூடவே இருங் தம்பி" என்றார்.

அன்றிலிருந்து நான் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினேன். தேர்வுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

சந்தேகமான எழுத்து வருகிற சொல்லே வேண்டாம் என்றேன். அறம் வேண்டாம், நேர்மை என்று எழுது. வறட்சி வேண்டாம், மழை இல்லை என்று எழுது. ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான். எந்தத் தலைப்பு வந்தாலும் ஒட்டிக்கொள்கிற மாதிரி மூன்று தொடக்கப் பத்திகளை நானே எழுதி மனப்பாடம் செய்யவைத்தேன். கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எந்த வரியில் வருகிறதோ அங்கே விரலை வை, அந்த வரியைக் கொஞ்சம் மாற்றி இறக்கு, உன் மூளையைக் கொண்டுவராதே என்றேன். சுருக்கத்துக்கு ஒவ்வொரு பத்தியையும் எனக்கு வாயால் சொல்லச் சொன்னேன். வாயால் அவன் அருமையாகச் சொல்வான். "அந்தாளு என்ன சொல்றாருன்னா, கொளத்தை ஊரு பாத்துக்கிட்டவரைக்கும் நல்லா இருந்துச்சு, அப்பறம் யாரும் பாக்கலைங்கறாரு." அதையே எழுத்துத் தமிழில் மாற்றி எழுது என்பேன்.

அவன் எழுதிய பக்கங்களைத் திருத்த உட்காருவேன். உப்பு, புளி, காரம் எதுவும் இல்லாத, பத்தியக் கஞ்சி மாதிரித் தமிழ். அதை நான்தான் அவனுக்கு ஊட்டினேன். பிழை குறைந்தது. ஒரு நாள் தேறுவான். மறுநாள் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு நேரத்தை விட்டுத் தேறமாட்டான். அதன்பின் இரண்டு நாள் தேறுவான். இப்படியே ஆகஸ்ட் வந்தது.

முதன்மைத் தேர்வின் முதல் பகுதி ஒரு வாரக் கடைசியில் முடிந்தது. நன்றாக எழுதியதாகச் சொன்னான். அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. "இவ்வளவும் எழுதி வெச்சிருக்கேன்டா. இதையும் அவங்க பாக்காமப் போயிட்டா?" தமிழ்த் தாளுக்கு நடுவில் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க மழை. சந்தில் முழங்கால் அளவுத் தண்ணீர். அவன் பேனாவைப் பிடித்தால் எழுத்துக் கோணியது. வெந்நீர் வைத்துக் கையை அதில் முக்கச் சொன்னேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தேர்வு மையம் வரை கூடப் போனேன். கேட்டுக்கு வெளியே பெற்றோர் கூட்டத்தோடு ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே மணி அடித்தது. இந்நேரம் பத்தியைப் படித்திருப்பான், இந்நேரம் கட்டுரைக்கு வந்திருக்க வேண்டும் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுதிய எந்தத் தேர்விலும் அப்படித் துடித்ததில்லை.

வெளியே வந்தவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாம் தொட்டியா?"

"தொட்டேன்டா. சுருக்கத்துக்குத் தலைப்பு வெச்சனான்னு ஞாபகம் இல்ல."

"கட்டுரை?"

"முடிச்சேன். என்ன எழுதுனேன்னு கேக்காத." மத்தியானம் ஆங்கிலத் தாள் இருந்தது. வாங்கி வைத்திருந்த தயிர்சாதத்தில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனான்.

முடிவு பனிக்காலத்தில் வந்தது. அவன் எண் அதில் இல்லை. திரையை மேலும் கீழும் நகர்த்தி இருவரும் மாறி மாறித் தேடினோம். தமிழா, மற்ற தாள்களா, எது காலை வாரியது என்று அப்போது தெரியாது. அதற்கு அடுத்த வருடம் மதிப்பெண் பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவன் காத்திருக்கவில்லை. கூலரை எனக்கு விட்டுவிட்டு, புத்தகங்களைப் பழைய புத்தகக்காரனிடம் போட்டுவிட்டு, மூடுபனியில் பல மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய ரயிலில் ஊருக்குப் போனான். மாமாவின் பனியன் கம்பெனியில் சேர்ந்து, வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதாக அப்புறம் சொன்னான்.

பட்டியல் வந்த அன்று அவனே கூப்பிட்டான். "தமிழ் பாஸ்டா."

"நெஜமாவா?"

"நெஜமா. அம்மா பக்கத்துல உக்காந்து அழுதுட்டு இருக்கறாங்க." என்றான். "எல்லாத் தாளுக்கும் மார்க் வந்திருக்குதுடா இந்தத் தடவை. மொத்தம் ரொம்பக் கம்மி. கொஞ்ச நஞ்சமில்ல. கிட்டக்கூட இல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இருடா. தமிழ் மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தா போன தடவையே உள்ள போயிருப்பேன்னு நெனச்சுட்டே இருந்தேன். தெனமும் அதை நெனச்சுத்தான் தூங்குவேன். இப்ப அதுவும் இல்லைன்னு ஆயிருச்சு."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. நன்றியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைத் தேறவைத்ததற்காக நான் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. படவும் செய்தேன். கூடவே அவனிடம் மிச்சமிருந்த ஒன்றை நானே பிடுங்கிவிட்டது போலவும் இருந்தது.

அம்மா போனை வாங்கினார். "தம்பி, நீங்க மட்டும் அங்க என்னங் பண்றீங்? நீங்களும் ஊருக்கு வந்தர்லாமல்லங்?"

"திங்கக்கெழமை புது பேட்ச் ஆரம்பிக்குதும்மா" என்றேன்.

"அப்படீங்களா" என்றார். சாப்பிட்டேனா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். போனை வைத்த பிறகு அவன் கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். இருட்டிய பிறகும் விளக்கைப் போட எழுந்திருக்கத் தோன்றவில்லை.